தொடரடைவும் வகுப்பறையும்: அயல்மொழியாக ஆங்கிலம் கற்பித்தலில் கணினிச் சான்றின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிப்பதில் கணினி இருவகைப் பணிகளை ஏற்றுள்ளது. ஒன்று, ஆசிரியரின் இடத்தில் நின்று பயிற்சி அளித்துச் சரி, தவறு எனத் தீர்ப்புச் சொல்லுதல். மற்றொன்று, மொழி வழங்கும் முறைக்கான சான்றுகளைத் திரட்டி மாணவர் முன் வைத்தல். இரண்டாம் வகைப் பணியின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. 1961ஆம் ஆண்டின் அச்சு நூல்களைக் கொண்டு உருவான பிரவுன் தரவகம் முதல், பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் டிம் ஜான்ஸ் வடிவமைத்த தரவுவழிக் கற்றல், அதன்மீது எழுந்த மறுப்புகள், 2022இல் பொதுமக்களிடம் வந்த உரையாடு கருவிகள் வரை இவ்வரலாறு நீள்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஆசிரியருக்கும் மாணவருக்கும் சான்று கேட்கும் உரிமையைத் தொடரடைவு வழங்கியது. அவ்வுரிமை கருவியால் மட்டும் நிலைபெறவில்லை. தரவைத் தெரிந்தெடுக்கும் ஆசிரியராலும், அத்தரவு எவருடைய மொழியிலிருந்து திரட்டப்பட்டது என்னும் கேள்வியாலும் அது தீர்மானிக்கப்பட்டது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: தொடரடைவு, மொழித்தரவகம், தரவுவழிக் கற்றல், அயல்மொழிக் கல்வி, டிம் ஜான்ஸ், கோபில்ட்.

முன்னுரை

அயல்மொழி வகுப்பில் மாணவர் எழுப்பும் கேள்விகளுள் ஆசிரியரை மிகவும் தடுமாறச் செய்வது, ஏறத்தாழ ஒரே பொருள் தரும் இரு சொற்களுக்கிடையே உள்ள வேறுபாடு பற்றியதாகும். இலக்கண நூல் இதற்குப் பெரும்பாலும் விடை தருவதில்லை. அகராதி ஒரு சொல்லின் பொருளை மற்றொரு சொல்லால் விளக்கிவிட்டு நின்றுவிடும். ஆசிரியர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவராயின், தம் மொழியுணர்வைத் துணைக்கொண்டு விடையளிப்பார். அவ்வாறு அல்லாதவராயின், தாம் கற்ற நூலையோ தம் ஆசிரியர் சொன்னதையோ மேற்கோளாகக் காட்டுவார். இரு நிலைகளிலும் மாணவருக்குக் கிடைப்பது ஒரு தீர்ப்பு. அத்தீர்ப்பின் அடிப்படையைச் சோதித்துப் பார்க்கும் வழி அவரிடம் இல்லை.

உலகில் ஆங்கிலம் கற்பிப்போருள் பெரும்பான்மையோர் அதனைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள். ஆயினும் சொல்வழக்கு பற்றிய இறுதி முடிவு தாய்மொழியாளரின் மொழியுணர்வுக்கே உரியது என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. இந்நிலையில் கணினித் தொடரடைவு வகுப்பறைக்குள் வந்தது கற்பித்தல் கருவியின் மாற்றமாக மட்டும் அமையவில்லை. மொழி பற்றிப் பேசும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்னும் வினாவையும் அது எழுப்பியது.

1. அடைவு நூல்களிலிருந்து கணினி அடைவுக்கு

ஒரு நூலில் ஒரு சொல் வரும் இடங்கள் அனைத்தையும் அதன் சூழலோடு நிரல்படுத்துவது தொடரடைவு. இதன் தொடக்கம் சமயநூல் ஆய்வில் உள்ளது. 13ஆம் நூற்றாண்டில் பாரிஸில் டொமினிக்கன் துறவியர் இலத்தீன் விவிலியத்திற்கு அடைவு உருவாக்கினர். 1737இல் அலெக்சாண்டர் குரூடன் ஆங்கில விவிலியத்திற்கான தொடரடைவை வெளியிட்டார். சொற்பொருளை அது வழங்கும் இடங்களைக் கொண்டே துணிவது தமிழ் ஆய்வாளருக்கும் பழகிய முறையாகும். ந. சுப்பிரமணியன் உருவாக்கிய, சென்னைப் பல்கலைக்கழகம் 1966இல் வெளியிட்ட பல்லவர் காலத்துக்கு முற்பட்ட தமிழ்ச் சொல்லடைவும், தாமஸ் லேமன், தாமஸ் மால்டன் ஆகியோர் 1992இல் வெளியிட்ட சங்க இலக்கியச் சொல்லடைவும் இதற்குச் சான்றுகள்.

அடைவுப் பணியைக் கணினிக்கு மாற்றிய முன்னோடிகளுள் இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட்டோ புசா குறிப்பிடத்தக்கவர். அவர் 1949இல் ஐபிஎம் நிறுவனத்தின் உதவியை நாடிப் பெற்று, தாமஸ் அக்குவினாஸின் படைப்புகளுக்கு அடைவு உருவாக்கும் பணியை மேற்கொண்டார். ஒரு கோடிக்கும் மேற்பட்ட இலத்தீன் சொற்களைக் கொண்ட அவ்வடைவு 1970களில்தான் அச்சேறத் தொடங்கியது. அதே ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன், 1950களின் இறுதியில், தேடும் சொல்லை வரியின் நடுவில் நிறுத்தி அதன் இடமும் வலமும் வரும் சொற்களைக் காட்டும் அச்சு முறையை உருவாக்கினார். அறிவியல் கட்டுரைத் தலைப்புகளை வகைப்படுத்துவதற்கு எழுந்த அம்முறையே பின்னர் மொழி வகுப்பில் தொடரடைவு பெற்ற வடிவமாயிற்று.

ஆங்கிலத்துக்கெனக் கணினியில் அமைந்த முதல் பொதுத் தரவகம் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் உருவானது. நெல்சன் பிரான்சிஸ், ஹென்றி குச்செரா ஆகியோர் 1961இல் அமெரிக்காவில் அச்சான உரைநடையிலிருந்து, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட 500 பகுதிகளைத் தெரிந்தெடுத்துப் பத்து லட்சம் சொற்கள் அளவில் அதனை அமைத்தனர். அதே ஆண்டின் பிரித்தானிய நூல்களைக் கொண்டு அதற்கு இணையாக அமைந்த லங்காஸ்டர்-ஆஸ்லோ-பெர்கன் தரவகம் 1978இல் நிறைவுற்றது. இவை மொழியியலாருக்காகத் தோன்றியவை. இவற்றை மாணவர் கையில் தருவது குறித்து அன்று எவரும் பெரிதாகச் சிந்திக்கவில்லை.

2. ஆசிரியர் இடத்தில் இயந்திரம்

இக்காலகட்டத்தில் கற்பித்தலுக்கு வந்த கணினி வேறொரு மரபைச் சார்ந்திருந்தது. பி. எப். ஸ்கின்னர் 1950களில் முன்வைத்த கற்பிக்கும் இயந்திரம், பாடத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றுக்கும் மாணவர் தரும் விடையை உடனுக்குடன் மதிப்பிடும் கொள்கையில் அமைந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960இல் டொனால்டு பிட்சர் தொடங்கிய பிளேட்டோ கணினி அமைப்பு, பின்னாளில் பல மொழிகளுக்கான பயிற்சிகளையும் பெருமளவில் வழங்கியது. அவற்றுள் நிரப்புதல், மாற்றி எழுதுதல், மொழிபெயர்த்தல் ஆகிய பயிற்சிகள் மிகுதி. விடை முன்கூட்டியே கணினிக்குள் இடப்பட்டிருக்கும். மாணவர் தட்டச்சு செய்வது அதனோடு பொருந்துகிறதா என்று கணினி பார்க்கும்.

இவ்வகைப் பயிற்சிக்குப் பயன் இல்லாமல் இல்லை. சலிப்பின்றித் திரும்பத் திரும்பப் பயிற்சி அளிக்கவும், ஒவ்வொரு மாணவரையும் அவரவர் வேகத்தில் செல்லவிடவும் இயந்திரத்தால் இயன்றது. ஆனால் பாடம் எழுதியவர் எதிர்பாராத கேள்வியை மாணவர் கேட்க அதில் இடமில்லை.

பிரித்தானிய ஆங்கிலக் கல்வியாளர் ஜான் ஹிக்கின்ஸ் 1980களின் தொடக்கத்தில் இவ்வேறுபாட்டை ஓர் உவமையால் விளக்கினார். பாடத்தின் வரிசையையும் வேகத்தையும் தீர்மானிக்கும் தலைமையாசான் ஒருவகை; பண்டைக் கிரேக்கத்தில் செல்வர் வீட்டுப் பிள்ளையின் பின்னே நூல்களைச் சுமந்து நடந்து, கேட்டால் மட்டும் விடை சொன்ன அடிமை மற்றொரு வகை. கணினி இரண்டாமவனைப் போல இருக்கவேண்டும் என்பது அவர் கருத்து. ஹிக்கின்ஸும் டிம் ஜான்ஸும் இணைந்து எழுதிய மொழிக்கல்விக் கணினி நூல் 1984இல் வெளிவந்தது. வீட்டுக் கணினிகள் பிரித்தானியப் பள்ளிகளிலும் இல்லங்களிலும் பரவிய காலம் அது. கேட்டால் விடை சொல்லும் துணைவனுக்கு உருவம் தரும் கருவி எது என்னும் தேடலுக்குத் தொடரடைவு விடையாயிற்று.

3. கோபில்ட் திட்டமும் மொழியுணர்வின் எல்லையும்

பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்கிளேர் தலைமையில், காலின்ஸ் பதிப்பகத்தின் நிதியுதவியோடு 1980இல் கோபில்ட் திட்டம் தொடங்கியது. அச்சு நூல்கள் ஒளியியல் வருடிகள் வாயிலாகக் கணினிக்குள் கொண்டுவரப்பட்டன. ஏறத்தாழ 2 கோடிச் சொற்கள் கொண்ட தரவகத்தின் துணையோடு, ஆங்கிலம் கற்போருக்கான அகராதி 1987இல் வெளிவந்தது. சொற்பொருளைத் துண்டுத் தொடராகத் தராமல், அச்சொல் வழங்கும் முறையையே காட்டும் முழு வாக்கியமாகத் தந்தது அவ்வகராதியின் புதுமை.

தாய்மொழியாளரின் மொழியுணர்வு சொல்வழக்கின் நம்பத்தகுந்த அளவுகோல் அன்று என்பதை இத்திட்டம் வெளிப்படுத்தியது. 'பேக்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் கேட்டவுடன் உடலின் முதுகே பலருக்கும் நினைவுக்கு வரும். மரபான அகராதிகளும் அப்பொருளையே முதலில் வைத்தன. தரவகத்திலோ, திரும்பி வருதல், பழைய நிலைக்கு மீளுதல் என்னும் வினையடைப் பொருளே மிகுந்து காணப்பட்டது. மனத்தில் முதலில் தோன்றும் பொருளும் வழக்கில் மிகுந்து வரும் பொருளும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்பது இதனால் தெளிவாயிற்று.

'செட் இன்' என்னும் தொடர்வினை பற்றிய சின்கிளேரின் ஆய்வு இன்னும் நுட்பமானது. தொடங்கி நிலைபெறுதல் என்பது அதன் பொருள். தொடரடைவில் அதன் எழுவாய்களை நிரல்படுத்தியபோது, அழுகல், சிதைவு, நம்பிக்கையிழப்பு போன்ற விரும்பத்தகாதவையே பெரும்பாலும் வந்தன. அகராதிகள் இதனைக் குறிப்பிட்டதில்லை. அச்சொல்லை நாள்தோறும் ஆள்வோரும் கேட்டால் சொல்லியிருக்கமாட்டார்கள். தமிழில் 'நேர்ந்தது' என்னும் வினை பெயர்ச்சொல்லை எழுவாயாகக் கொள்ளும்போது இத்தகைய சாய்வைக் காணலாம். விபத்து நேர்ந்தது, இழப்பு நேர்ந்தது, பிழை நேர்ந்தது என்பன இயல்பானவை. வெற்றி நேர்ந்தது என்பது செவிக்கு ஒவ்வாது. தமிழர் இதனைப் பிழையின்றி ஆள்வர். தமிழ் கற்கும் அயலார் ஒருவருக்கு இதனை விதியாக எடுத்துச்சொல்ல வேண்டுமாயின், வழக்கிலுள்ள பல தொடர்களை அடுக்கிப் பார்த்தே சொல்லவேண்டியிருக்கும்.

4. டிம் ஜான்ஸின் வகுப்பறை

அதே பல்கலைக்கழகத்தில், வெளிநாட்டு மாணவர்களுக்கான ஆங்கிலப் பிரிவில் டிம் ஜான்ஸ் பணியாற்றினார். அவரிடம் வந்தவர்கள் தொடக்கநிலை மாணவர்கள் அல்லர். பல நாடுகளிலிருந்தும் முதுகலைப் பட்டத்துக்கும் ஆய்வுப் பட்டத்துக்கும் வந்து, தத்தம் துறை அறிவில் தேர்ந்தவர்களாக இருந்து, ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதுவதில் இடர்ப்பட்டவர்கள். துறை ஆசிரியரும் மொழி ஆசிரியரும் ஒரே வகுப்பில் இணைந்து கற்பிக்கும் முறையை ஜான்ஸும் டோனி டட்லி-எவன்ஸும் போக்குவரத்தியல், தாவரவியல் மாணவர்களிடம் சோதித்து 1980இல் அறிக்கை வெளியிட்டனர். அறிவியல் மாணவர்களுக்குத் தரவைப் பார்த்து முடிவுக்கு வருவது பழகிய செயல் என்பதைக் கருதினால், தொடரடைவு இவ்வகுப்பில் வேர்கொண்டது வியப்பன்று.

சிறிய கணினியில் இயங்கும் தொடரடைவு நிரல் ஒன்றை ஜான்ஸ் உருவாக்கினார். அது கற்போரின் ஆய்வுக்கருவி என்று 1986இல் எழுதிய கட்டுரையில் அறிமுகப்படுத்தினார். 'தரவுவழிக் கற்றல்' என்னும் பெயரை அவர் 1990இல் வெளியிட்ட கட்டுரை நிலைபெறச் செய்தது. கணினி அச்சுத்தாளிலிருந்து வகுப்பறைத் தாளுக்கு என்னும் பொருள்படும் தலைப்பைக் கொண்ட அக்கட்டுரை, இம்முறையின் எளிமையை உணர்த்துகிறது. வகுப்பில் கணினி இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஆசிரியர் முந்தைய நாள் தொடரடைவை அச்சிட்டு, தேவையான வரிகளைத் தெரிந்தெடுத்து, படியெடுத்துத் தந்தாலே போதும்.

1991ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் காட்டிய மாதிரிப் பாடங்களுள் ஒன்று, 'பெர்சுவேட்', 'கன்வின்ஸ்' என்னும் இரு சொற்களின் வேறுபாடு பற்றியது. ஒருவரை ஒரு செயலுக்கு இணங்கவைத்தல், ஒன்றை நம்பவைத்தல் என்று தமிழில் இவற்றைப் பிரித்துக் காட்டலாம். ஆனால் எப்போது எது வரும், அதனைத் தொடர்ந்து எவ்வகைத் தொடர் அமையும் என்பதை அப்பொருள்விளக்கம் முழுமையாக உணர்த்தாது. இரு சொற்களும் வரும் வரிகளைத் தனித்தனியே அடுக்கி, வலப்புறம் வரும் அமைப்பை மாணவரையே காணச்செய்வது ஜான்ஸின் வழி. மொழித் தரவுக்கும் மாணவருக்கும் இடையே நிற்கும் இடைத்தரகரை இயன்றவரை விலக்குவதே தம் நோக்கம் என்று அவர் விளக்கினார். அந்த இடைத்தரகர் பாடநூலாகவும் அகராதியாகவும் ஆசிரியராகவும் இருக்கலாம்.

மைக் ஸ்காட்டும் ஜான்ஸும் உருவாக்கிய மைக்ரோகன்கார்ட் நிரலை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 1993இல் வெளியிட்டது. இணையம் பரவிய பின்னர், மாணவரோடு தனித்தனியே அமர்ந்து அவர்தம் எழுத்தைத் திருத்தியபோது எழுந்த ஐயங்களையும், அவற்றுக்குத் தரவகம் தந்த விடைகளையும் ஜான்ஸ் தம் இணையப்பக்கத்தில் தொடர்ந்து வெளியிட்டார். சீட்டாட்டத்திலோ சதுரங்கத்திலோ அருகிலிருந்து பார்த்து யோசனை சொல்பவரைக் குறிக்கும் இத்திஷ் மொழிச் சொல்லான 'கிப்பிட்சர்' என்பதை அக்குறிப்புகளுக்குப் பெயராக்கினார். ஆட்டம் மாணவருடையது என்னும் எண்ணம் அப்பெயரிலேயே அடங்கியுள்ளது. அவர் 2009இல் மறைந்தார்.

5. தொடரடைவுப் பாடத்தின் அமைப்பு

அக்காலத்தில் பரவலாக இருந்த பாடமுறை, விதியை விளக்குதல், பயிற்சி அளித்தல், சொந்தமாக ஆளச்செய்தல் என மூன்று படிகளைக் கொண்டது. ஜான்ஸின் முறை விதியை இறுதிக்குத் தள்ளியது. கண்டறிதல், வகைப்படுத்துதல், பொதுமைப்படுத்துதல் என்பன அதன் படிகள். முதலில் மாணவர் மையச்சொல்லின் இருபுறமும் திரும்ப வருவன எவை என்று பார்க்கிறார். பின்னர் ஒத்த வரிகளை ஒன்றாகச் சேர்க்கிறார். அதன்பின் தம் சொற்களில் ஒரு விதியை வகுத்து, அதற்கு அடங்காத வரி ஏதேனும் உள்ளதா என்று தேடுகிறார். அடங்காத வரி கிடைத்தால் விதி திருத்தப்படும்.

வழக்கிலிருந்து விதி பிறக்கும் என்னும் கொள்கை தமிழ் இலக்கண மரபுக்குப் புதிதன்று. உரையாசிரியர்கள் நூற்பாவுக்கு எடுத்துக்காட்டுகளை அடுக்கி, அடங்காதவற்றைப் புறனடையால் அமைத்ததும் இவ்வகைப்பட்ட செயலே. ஆனால் அங்கு எடுத்துக்காட்டைத் தேடுபவர் உரையாசிரியர். மாணவர் அதனைப் பெற்றுக்கொள்பவர். ஜான்ஸின் வகுப்பில் தேடுபவர் மாணவர். இதுவே இம்முறையின் உயிர்நிலை.

பயிற்சி வடிவங்களும் இக்கொள்கையிலிருந்தே பிறந்தன. மையச்சொல்லை மறைத்துவிட்டு, ஒரே சொல் பொருந்தும் பல வரிகளை அடுக்கித் தந்து அச்சொல்லைக் கண்டுபிடிக்கச் செய்வது ஒன்று. வழக்கமான கோடிட்ட இடப் பயிற்சியில் ஒரு வாக்கியமே சூழலாக இருக்கும். இதில் பல வாக்கியங்கள் ஒரே சொல்லுக்குச் சூழலாகின்றன. மாணவரின் கட்டுரையில் காணும் பிழையான தொடரைத் தரவகத்தில் தேடச்செய்து, அது கிடைக்காதபோது எது கிடைக்கிறது என்று பார்க்கச் செய்வது மற்றொன்று. 'இது பிழை' என்று ஆசிரியர் எழுதும் சிவப்பு மைக் குறிப்புக்கு மாற்றாக, வழக்கில் இருப்பது எது என்பதை மாணவரே கண்டு திருத்திக்கொள்கிறார்.

6. எவருடைய ஆங்கிலம்?

சான்றைக் கொண்டு முடிவுசெய்யலாம் என்று ஏற்றவுடன், அச்சான்று எங்கிருந்து வருகிறது என்னும் கேள்வி எழுகிறது. 1994இல் நிறைவுற்ற பிரித்தானியத் தேசியத் தரவகம் 10 கோடிச் சொற்களைக் கொண்டது. அதில் ஏறத்தாழ 1 கோடி பேச்சுமொழி. மார்க் டேவிஸ் 2008இல் இணையத்தில் வெளியிட்ட தற்கால அமெரிக்க ஆங்கிலத் தரவகம் இன்று 100 கோடிச் சொற்களைக் கடந்துள்ளது. இவற்றை உலகின் எந்த மூலையிலிருந்தும் பயன்படுத்தலாம். ஆனால் இவை இரு நாடுகளின் மொழிவழக்கையே அளவுகோலாகத் தருகின்றன. தனி ஒரு தாய்மொழியாளரின் மொழியுணர்வுக்கு மாற்றாகத் தாய்மொழியாளர் கூட்டத்தின் பதிவு வைக்கப்பட்டது என்றும் இதனைக் காணலாம்.

இந்தக் குறையை உணர்ந்த முயற்சிகளுள் முன்னோடியானது இந்தியாவில் நிகழ்ந்தது. கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் எஸ். வி. சாஸ்திரி தலைமையில், 1978இல் அச்சான இந்திய ஆங்கில எழுத்துகளைக் கொண்டு, பிரவுன் தரவகத்தின் முறையைப் பின்பற்றிப் பத்து லட்சம் சொற்கள் கொண்ட தரவகம் உருவாக்கப்பட்டது. பிரித்தானிய, அமெரிக்க வழக்கிலிருந்து இந்திய வழக்கு எங்கு வேறுபடுகிறது என்பதைப் பிழைப்பட்டியலாகப் பாராமல், அளந்து காணத்தக்க வழக்காகப் பார்க்க அது வழிசெய்தது. வியன்னாவில் பார்பரா சைடில்ஹோபர் தலைமையில் 2009இல் வெளிவந்த வாய்ஸ் தரவகம், வெவ்வேறு தாய்மொழியினர் தங்களுக்குள் பொதுமொழியாக ஆங்கிலத்தில் பேசிய உரையாடல்களைப் பத்து லட்சம் சொற்கள் அளவில் பதிவுசெய்தது. பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் சில்வியான் கிரேஞ்சர் 2002இல் வெளியிட்ட தரவகமோ, 11 தாய்மொழிகளைச் சேர்ந்த மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திரட்டியது.

துறைசார் தரவகங்கள் வேறொரு வகையில் உதவின. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வகுப்பறைப் பேச்சுகளைப் பதிந்த தரவகமும், பிரித்தானியப் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதி நல்ல மதிப்பெண் பெற்ற ஒப்படைப்புகளின் தரவகமும் மாணவர் எட்டத்தக்க மாதிரிகளைத் தந்தன. நியூசிலாந்தில் ஏவரில் காக்ஸ்ஹெட் 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்வித்துறைத் தரவகத்திலிருந்து 570 சொற்குடும்பங்களைத் தெரிந்து 2000இல் வெளியிட்ட பட்டியல், தரவகத்தை நேரில் பார்த்திராத ஆசிரியர்களின் வகுப்பறைகளுக்கும் அதன் பயனைக் கொண்டுசென்றது.

7. மறுப்புகளும் அளவீடுகளும்

தரவகம் காட்டுவது மொழியின் உண்மை முழுவதையும் அன்று என்னும் மறுப்பை எச். ஜி. விடோசன் முன்வைத்தார். ஒருவர் மற்றொருவரிடம் ஒரு சூழலில் ஒரு நோக்கத்தோடு சொன்னது, அச்சூழலிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு ஒற்றை வரியாக நிற்கும்போது அதன் உயிர் நீங்கிவிடுகிறது. தாய்மொழியாளருக்கு இயல்பானதாக இருந்த உரை, தொலைவிலுள்ள வகுப்பறையில் அந்நியமாகிவிடும் என்பது அவர் வாதம். 1998இல் ஆங்கிலக் கல்வி இதழொன்றில் ரொனால்டு கார்ட்டரும் கை குக்கும் இதே பொருளில் விவாதித்தனர். நாட்டிங்ஹாம் பேச்சுமொழித் தரவகத்தைக் கொண்டு, பாடநூல் உரையாடல்கள் உண்மைப் பேச்சிலிருந்து விலகியிருப்பதைக் கார்ட்டர் காட்டினார். வழக்கில் உள்ளது என்பதாலேயே அது கற்பிக்கத்தக்கது ஆகிவிடாது என்று குக் மறுத்தார். மாணவர் நிலைக்கு ஏற்ப எழுதப்பட்ட எளிய வாக்கியத்துக்கும் வகுப்பில் இடமுண்டு என்பது இம்மறுப்பின் வலுவான பகுதி.

இம்முறை பயன் தருகிறதா என்று அளந்து பார்த்தவர்களுள் டாம் காப் ஒருவர். ஓமனின் சுல்தான் காபூஸ் பல்கலைக்கழகத்தில், அரபு மொழி பேசும் முதலாண்டு மாணவர்களுக்கு, அவர்கள் ஏற்கெனவே படித்த பாடங்களிலிருந்தே அமைந்த சிறு தரவகத்தை அவர் பயன்படுத்தினார். தொடரடைவு வழியாகக் கற்ற சொற்களில் முன்னேற்றம் சிறியதே ஆயினும் தொடர்ந்து காணப்பட்டது என 1997இல் அவர் எழுதினார். உயர்நிலை மாணவருக்கு மட்டுமே இம்முறை உரியது என்னும் கருத்தை அது தளர்த்தியது. 2017இல் அலெக்ஸ் போல்ட்டனும் காப்பும் 64 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து மதிப்பிட்டனர். தரவுவழிக் கற்றலைப் பின்பற்றிய குழுக்களை மற்றக் குழுக்களோடு ஒப்பிட்டபோது சராசரி விளைவளவு 0.95 எனவும், அதே குழுவின் முன்தேர்வையும் பின்தேர்வையும் ஒப்பிட்டபோது 1.50 எனவும் அமைந்தது. மொழிக்கல்வி ஆய்வில் இவை உயர்ந்த அளவுகள். எனினும் இத்துறையின் ஆய்வுகள் பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்களிடம் நிகழ்ந்தவை என்பதால், பள்ளி வகுப்புகளுக்கு இம்முடிவை அப்படியே விரிப்பது பொருந்தாது.

8. பரவாமைக்கான காரணங்கள்

இத்தகைய முடிவுகள் கிடைத்தும், நிரல்களுக்குப் பஞ்சமில்லாதபோதும், தொடரடைவு பெரும்பாலான ஆங்கில வகுப்புகளுக்குள் நுழையவில்லை. ஸ்காட்டின் வேர்டுஸ்மித் கருவித்தொகுப்பு 1996இல் வந்தது. ஜப்பானில் லாரன்ஸ் ஆந்தனி உருவாக்கிய ஆன்ட்கான்க் 2002 முதல் விலையின்றிக் கிடைக்கிறது. ஆதலால் காரணத்தைக் கருவியின் விலையில் தேடிப் பயனில்லை.

முதற்காரணம், தொடரடைவு வரிகள் வாசிப்பதற்குரியவை அல்ல என்பது. தொடக்கமும் முடிவும் வெட்டுண்ட வரிகளை நேர்க்கோட்டில் படிக்காமல், நடுவிலிருந்து இருபுறமும் பார்க்கும் பழக்கம் மாணவருக்குத் தனியே கற்பிக்கப்பட வேண்டும். இரண்டாவது, ஒரு பொதுச்சொல்லைத் தேடினால் ஆயிரக்கணக்கான வரிகள் வந்து குவியும்; அவற்றுள் பதினைந்தோ இருபதோ வரிகளைத் தெரிந்தெடுப்பது ஆசிரியரின் உழைப்பு. இடைத்தரகரை விலக்கப் பிறந்த முறை, ஆசிரியரிடம் முன்னைவிட மிகுதியான உழைப்பைக் கோரியது என்பது இவ்வரலாற்றின் முரண். மூன்றாவது, தேர்வு முறை. விதியை அறிந்திருப்பதை மட்டும் சோதிக்கும் தேர்வு, விதியைக் கண்டறிய வகுப்பில் செலவிடும் நேரத்தை வீண்செலவாகத் தோன்றச்செய்யும். நான்காவது, ஆசிரியரின் நிலை. மாணவரின் தேடல் தாம் சொன்னதற்கு மாறான சான்றைக் கொண்டுவரும்போது அதனை வரவேற்கும் மனநிலை, ஆசிரியரின் சொல்லே இறுதி என்று பழகிய கல்விச்சூழலில் எளிதில் அமைவதில்லை.

9. விடை தரும் கருவியும் சான்று தரும் கருவியும்

2022 நவம்பர் 30 அன்று ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடி கருவியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. இரு சொற்களின் வேறுபாட்டைக் கேட்கும் மாணவருக்கு இத்தகைய கருவி நொடிகளில் விளக்கம், எடுத்துக்காட்டு, பயிற்சி ஆகிய மூன்றையும் தருகிறது. மாணவரின் நிலைக்கு ஏற்ப எளிமைப்படுத்தவும், அவர் தாய்மொழியில் விளக்கவும் செய்கிறது. வெட்டுண்ட வரிகளை வாசிக்கும் இடர் இதில் இல்லை. தொடரடைவு ஒருபோதும் தராத வசதிகள் இவை என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு மறக்கத்தக்கதன்று. தொடரடைவின் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர், ஏதோ ஓர் ஆண்டில், ஒரு நூலிலோ இதழிலோ உரையாடலிலோ உண்மையில் ஆண்ட வரி. அதன் மூலத்துக்குச் செல்லலாம். எத்தனை முறை வருகிறது என்று எண்ணலாம். மாறான சான்றைத் தேடலாம். உரையாடு கருவி தரும் எடுத்துக்காட்டோ, பெருந்தரவில் பயின்ற நிகழ்தகவுகளைக் கொண்டு அக்கணத்தில் உருவாக்கப்படுவது. அது வழக்கோடு பெரும்பாலும் பொருந்தலாம். எனினும் அது வழக்கிலிருந்து எடுத்த சான்று அன்று. அக்கருவி பயின்ற தரவு எவருடைய ஆங்கிலம் என்பதும் மாணவருக்குத் தெரிவதில்லை. பின்புலத்தில் இருக்கும் தரவு பன்மடங்கு பெருகியபோதும், மாணவர் கையில் கிடைப்பது மீண்டும் ஒரு தீர்ப்பே. ஹிக்கின்ஸின் உவமையில் சொன்னால், அடிமையின் பணிவான குரலில் தலைமையாசான் பேசுகிறார்.

எனவே இவ்விரு கருவிகளையும் ஒன்றுக்கு மற்றொன்று மாற்று எனக் கொள்வதைவிட, முதற்கருவியின் கூற்றை இரண்டாவதால் சரிபார்ப்பது பொருத்தமானது. 'இச்சொல் இவ்வாறு வராது' என்று உரையாடு கருவி சொன்னால், மாணவர் அதனைத் தரவகத்தில் தேடிப் பார்க்கலாம். கூற்று, சான்று, திருத்தம் என்னும் இவ்வரிசை ஜான்ஸின் மூன்று படிகளுக்கு அயலானது அன்று. விளக்கம் எளிதில் கிடைக்கும் இக்காலத்தில், வகுப்பு நேரத்தைச் சரிபார்த்தலுக்கு ஒதுக்க ஆசிரியருக்கு முன்னைவிட மிகுந்த வாய்ப்பு உள்ளது.

முடிவுரை

தாய்மொழியாளரின் மொழியுணர்வும் ஆய்ந்து பார்க்கவேண்டியதே என்பதைக் கோபில்ட் திட்டம் நிறுவியது. அந்த ஆய்வைச் செய்யும் தகுதி மாணவருக்கும் உண்டு என்பதை ஜான்ஸின் வகுப்பறை காட்டியது. கோலாப்பூர், வியன்னா தரவகங்கள், சான்று எனப்படுவதும் ஓர் இடத்தையும் மக்களையும் சார்ந்தது என்பதை உணர்த்தின. விடோசன், குக் ஆகியோரின் மறுப்புகள், சான்றிலிருந்து பாடத்தை அமைப்பது ஆசிரியரின் தனிப்பொறுப்பு என்பதை நினைவூட்டின.

இந்திய ஆங்கில ஆசிரியருக்கு இவ்வரலாறு தரும் பயன் தெளிவானது. 'இங்கிலாந்தில் இவ்வாறுதான் சொல்வார்கள்' என்னும் கூற்றின் முன் அவர் வாயடைத்து நிற்கவேண்டியதில்லை. அங்கு எவ்வாறு சொல்கிறார்கள் என்பதையும், இந்தியாவில் எவ்வாறு எழுதுகிறார்கள் என்பதையும் வரிவரியாக எடுத்து வகுப்பின் முன் வைக்க அவரால் இயலும். அவ்வரிகளை மாணவரோடு சேர்ந்து படித்து, விதியை அவர்கள் வாயிலாகவே வருவிக்கும் பொறுமை மட்டும் கருவியோடு கிடைப்பதன்று. அதனை ஆசிரியர் பயிற்சியும் தேர்வு முறையும் வளர்த்தெடுத்தாலன்றித் தொடரடைவு ஆய்வாளரின் கணினியைவிட்டு வகுப்பறைக்கு வராது.